வன்தட்டின் வாக்கு

பழைய கணினியைத் தூக்கி எறியாமல், அதிலுள்ள ஹார்ட் டிஸ்க்கின் அமைப்புகளைச் சற்றே மாற்றிப் புதியதற்கு நிகரான வேகத்தை வரவழைத்துத் தருவதாகச் சொல்லும் வழக்கம் ஜோகூர் பாருவிலும் அதைச் சூழ்ந்த தாமான்களிலும் வேரூன்றி நெடுநாளாகிறது. அதற்குச் சமாதானமாக அண்மையில் ஒரு புதிய வாதமும் வந்து சேர்ந்திருக்கிறது. கூலாயை அடுத்த செடெனாக்கிலும் நூசாஜெயாவிலும் எழும்பி நிற்கும் தரவு மையங்களே இத்தகைய உபாயங்களைக் கையாளும்போது, ஒரு டியூஷன் நிலையத்துக்கோ அச்சகத்துக்கோ அவை ஏன் ஆகா என்பதே அந்த வாதம். இது தவறான வாதம் என்பது என் அபிப்பிராயம்.

உபாயங்கள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு நிராகரிப்பது நியாயமன்று. வட்டின் வெளிவிளிம்பிலுள்ள தடங்கள் நீளமானவை. ஒரு சுற்றில் உள்விளிம்புத் தடத்தைப் போல ஏறக்குறைய இருமடங்கு தரவைத் தரவல்லவை. ஆதலால், வெளிப்புறத்து ஐந்தில் ஒரு பங்கை மட்டும் பயன்படுத்தி மிச்சத்தைத் தரிசாக விட்டால், தரவைப் படித்து எழுதும் தலையைத் தாங்கும் கை அலைய வேண்டிய தூரம் குறைந்து வேகம் கூடுவது பிரத்தியட்சம். நஷ்டம் கொள்ளளவு மட்டுமே. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பச்சை வரிசை வட்டுகள் எட்டு விநாடி சும்மா இருந்தாலே தலையை ஓரத்தில் ஒதுக்கிவைத்து, மூன்று லட்சம் தடவைக்கெனக் கணக்கிடப்பட்ட ஆயுளை வீணாகக் கரைத்தன. அந்த எட்டு விநாடியை நீட்டித்தவர்கள் வேகத்தோடு ஆயுளுக்கும் நன்மையே செய்தார்கள். இவற்றோடு எனக்குச் சண்டையில்லை.

என் ஆட்சேபமெல்லாம் ஒரே ஒரு மாற்றத்தைப் பற்றியது. கடைக்காரர்கள் மிகுந்த பெருமையோடு செய்வதும் அதுவே. வன்தட்டுக்குள் சிறியதோர் இடைநினைவு உண்டு. கணினி அனுப்பும் தரவு முதலில் அங்கே தங்கி, பிறகே சுழலும் தகட்டில் பதிகிறது. மின்சாரம் போனால் இடைநினைவில் இருப்பது போய்விடும் என்பதால், கணக்கு மென்பொருள் போன்றவை முக்கியமான ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும், உள்ளதை உடனே தகட்டில் இறக்கு என்று கட்டளையிட்டு, இறக்கியாயிற்று என்ற பதில் வரும்வரை காத்திருக்கின்றன. இந்தக் காத்திருப்பு பௌதிகத்தின் விதி. நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் வட்டு விநாடிக்கு 120 சுற்றே சுழல்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே தடத்தில், ஒவ்வொன்றும் நிச்சயமாகப் பதிந்தபின் அடுத்ததை எழுத வேண்டுமானால், விநாடிக்கு ஏறத்தாழ 120 பதிவுகளுக்கு மேல் அந்த வட்டால் ஆகாது. 1956-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு 1200 சுற்றில் சுழன்ற காலந்தொட்டு, தகடு சுற்றி வரும்வரை காத்திருக்கும் இந்த நிர்ப்பந்தத்தை எவரும் வெல்லவில்லை.

விண்டோஸில் ஒரு சிறு கட்டத்தில் குறியிட்டால், தகட்டில் இறக்கச் சொல்லும் அந்தக் கட்டளை வட்டுக்குப் போகாமலே நின்றுவிடுகிறது. உடனே சோதனை மென்பொருளில் பதிவுகள் ஆயிரக்கணக்கில் பாய்கின்றன. கடைக்காரர் திரையைத் திருப்பிக் காட்டுகிறார். வாடிக்கையாளர் வியந்து பணம் கொடுக்கிறார். வட்டின் சுழற்சி கூடவில்லை, கையின் அசைவு விரைவுபடவில்லை, தகடும் மாறவில்லை. அப்படியிருக்க 120 எங்ஙனம் ஆயிரமாயிற்று? தோட்டத்துக் கிராணி ஒருவர் பால் எடையைக் காதால் கேட்டுக்கொண்டு, செக்ரோல் பதிவேட்டைத் திறவாமலேயே ‘எழுதியாயிற்று, அடுத்த ஆள்’ என்று அழைப்பாரானால் வரிசை எவ்வளவு விரைவாக நகருமோ, அவ்வளவு விரைவாகத்தான் இங்கும் நகர்கிறது. திரையில் தெரியும் அந்த எண்ணை வேகத்தின் அளவென்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது பொய்யின் அளவு.

மழைக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல்தோறும் இடி இறங்கும் மாநிலத்தில் இருந்துகொண்டு இதைச் செய்கிறோம் என்பதை யோசிக்க வேண்டும். மின்சாரம் அறுந்த கணத்தில் சாதாரண வன்தட்டுக்கு மிஞ்சுவது, சுழன்றுகொண்டிருக்கும் தகட்டின் உந்தம் ஒன்றே. அந்தச் சொற்பச் சக்தியும் தலையைப் பத்திரமாக ஒதுக்கி நிறுத்தவே செலவாகிறது. இடைநினைவில் இருந்த கட்டண ரசீது, மாணவர் பதிவு, பாதி எழுதிய அட்டவணை ஆகியவை அறிவிப்பின்றி மறைகின்றன. மென்பொருளோ அவை பதிந்துவிட்டன என்றே நம்பிக்கொண்டிருக்கிறது.

‘பேக்கப் எடுத்துக்கொள்வது வாடிக்கையாளரின் கடமையல்லவா’ என்று உடனே ஒரு சித்தாந்தம் பேசப்படும். நேற்றிரவு எடுத்த பிரதியில் இன்று மாலை மூன்று மணிக் கணக்கு எப்படி இருக்கும்? அட்டவணை பழுதானது பல வாரங்களுக்குப் பின்பே தெரியவரும்போது, இடையில் எடுத்த பிரதிகளும் அந்தப் பழுதையே விசுவாசமாகச் சுமந்திருக்கும். மடிக்கணினியில் பேட்டரி இருக்கிறதே என்பது ஓரளவு ஏற்கத்தக்க பதில். ஆனால் வேகப்படுத்தக் கொண்டுவரப்படும் பழைய மடிக்கணினியில் முதலில் செத்திருப்பது பேட்டரிதான்.

தரவு மையங்களின் உதாரணத்துக்கு வருவோம். அங்கே கட்டுப்பாட்டு அட்டைகளுக்குத் தனி பேட்டரி உண்டு. கட்டடத்துக்கு யூபிஎஸ் உண்டு. அதற்குப் பின்னால் ஜெனரேட்டர்கள் நிற்கின்றன. அங்குள்ள எஸ்எஸ்டிகளிலேயே மின்சாரம் போன பின்னும் இடைநினைவை இறக்கி முடிக்கப் போதுமான மின்தேக்கிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. இத்தனை காப்புகளையும் கட்டிய பிறகு ஒரு காவலை விலக்குவது சாமர்த்தியம். ஒன்றையும் கட்டாமல் அதை விலக்குவதற்கு வேறு பெயர். விண்டோஸும் அந்தக் கட்டத்தின் அடியிலேயே, வட்டுக்குத் தனி மின்வசதி இருந்தாலொழியக் குறியிடாதே என்று எச்சரிக்கிறது. அதைப் படித்துவிட்டும் குறியிடுபவரைத் தொழில்நுட்ப வல்லுநர் என்று அழைக்க என் மனம் இடங்கொடுக்கவில்லை. வட்டுக்கான அடித்தகடுகளைச் சீகேட் நிறுவனம் உற்பத்தி செய்துவந்திருக்கும் ஜோகூரில், தயாரித்தவர் எண்ணித் துணிந்து வைத்த காவலை இப்படி மலிவாக மதிப்பது எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

வேகம் உண்மையாகவே வேண்டுமானால் சுழலும் வட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி பொருத்துவதே வழி. ஏறக்குறைய 12 மில்லி விநாடி தேடிய இடத்தில் அது 0.1 மில்லி விநாடியில் தரவை எடுத்துத் தரும். ஆனால் விலை மலிந்த எஸ்எஸ்டிகளில் நான் சொன்ன மின்தேக்கிகள் இரா. அங்கேயும் அதே குறியை இட்டு அனுப்பும் பழக்கம் தொடர்கிறது.

வேகப்படுத்திய கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் டிவைஸ் மேனேஜரில் தம் வட்டின் பெயரைத் திறந்து, பாலிஸிஸ் என்னும் பக்கத்தைப் பார்க்கட்டும். அங்குள்ள இரண்டாவது கட்டத்தில் குறி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். என்னென்ன மாற்றினார் என்பதைக் ரசீதில் எழுதித் தரும்படி கடைக்காரரிடம் கேளுங்கள்.