ஆதாமின் காலைப் பொழுது

புனிதர்களின் வரலாற்றை வாசித்துப் பழகிய நமக்கு, ஒரு சொல்லும் பேச இயலாத ஒருவரின் வரலாறு விந்தையாகத் தோன்றும். அருட்தந்தை ஹென்றி நௌவென் எழுதிய ‘ஆதாம்: கடவுளின் அன்புக்குரியவர்’ என்னும் ஆங்கில நூல் அத்தகையது. மேரிநோல் மறைபரப்புச் சபையாரின் ஆர்பிஸ் பதிப்பகம் 1997-இல் அதை வெளியிட்டபோது ஆசிரியர் உயிரோடு இல்லை. திருத்தூதர்களின் நம்பிக்கை அறிக்கையைப் பற்றி எழுத எண்ணியிருந்தவர் அவர். 1996 பிப்ரவரியில் ஆதாம் தமது 34-ஆம் வயதில் இறந்தபோது, அந்த ஒருவரின் வாழ்வை எழுதுவதே தம் விசுவாசத்தை எழுதுவதாகும் என்று கண்டுகொண்டார். அவ்வாண்டு செப்டம்பரில் மாரடைப்பு அவரையும் கொண்டு சென்றது. கைப்பிரதியைச் சீர்செய்து அச்சுக்குக் கொடுத்தவர் அவருடைய தோழியான அருட்சகோதரி சூ மோஸ்டெல்லர்.

நௌவென் நெதர்லாந்து நாட்டுக் குரு, உளவியல் கற்றவர், யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் ஆசிரியராயிருந்தவர். 1986-இல் அவற்றையெல்லாம் விட்டு, கனடாவில் டொராண்டோவுக்கு அருகிலுள்ள டேபிரேக் இல்லத்திற்கு ஆன்ம குருவாக வந்தார். மனவளர்ச்சிக் குறைபாடு உடையோரும் உதவியாளர்களும் ஒரே குடும்பமாய் வாழும் லார்ஷ் இல்லங்களுள் அது ஒன்று. பிரெஞ்சு மொழியில் ‘லார்ஷ்’ என்றால் பேழை. (நம் பக்கத்தில் பெங்களூரில் 1970-இல் தொடங்கிய ஆஷா நிகேதன் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே, பின்னர் சென்னையிலும் ஓர் இல்லம் எழுந்தது.) பேராசிரியருக்கு அங்கே முதலில் அளிக்கப்பட்ட பணி பிரசங்கம் அன்று. 25 வயதை எட்டிக்கொண்டிருந்த ஆதாமைக் காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, முகம் மழித்து, உடை அணிவித்து, சிற்றுண்டி உண்ணத் துணைநிற்பது. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.

நூலின் சிறந்த பக்கங்கள் இந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றியவை. பிறருடைய உடலைத் தூக்கிப் பழகாத ஓர் அறிவாளியின் அச்சம் அங்கே மறைக்கப்படவில்லை. கைதவறி விழுந்துவிடுவாரோ, குளியல் தொட்டியில் வலிப்பு வந்துவிடுமோ என்ற நடுக்கம். வேலையை முடித்துவிட்டுத் தம் ‘உண்மையான’ பணிக்கு ஓடும் அவசரம். வாரங்கள் செல்லச் செல்ல நடுக்கம் தணிகிறது. தம் கவலைகளையெல்லாம் ஆதாமிடம் சொல்லத் தொடங்குகிறார். நண்பரொருவர் வந்து, இதற்காகவா பல்கலைக்கழகத்தை விட்டீர் என்று கேட்கும் இடத்தில், எனக்கு என் குருமடத் தோழர்கள் நினைவுக்கு வந்தார்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டிருப்போம்.

ஆயினும் இந்நூலை நான் முழு மனத்தோடு புகழ இயலாது. தாம் அவசரப்படுத்தியபோதெல்லாம் ஆதாமுக்கு வலிப்பு வந்ததாகவும், ‘மெதுவாக’ என்று தமக்குச் சொல்லும் வழி அதுவே என்று உணர்ந்ததாகவும் நௌவென் எழுதுகிறார். அவர் கற்ற பாடம் உண்மையாய் இருக்கலாம். பொறுமை அவருக்குத் தேவைப்பட்டது. ஆனால் வலிப்பு ஒரு நோய். அதை நமக்கு அனுப்பப்பட்ட செய்தியாக வாசிப்பது, பேச இயலாதவரின் வாயில் நம் சொற்களை வைப்பதாகும். வலிப்புள்ள பிள்ளையை வளர்க்கும் தாய் எவரும் இந்த வரிகளை அமைதியாக வாசிக்கமாட்டார்.

அமைப்பிலும் இதே குறை. மறைந்த வாழ்வு, பாலைநிலம், பொதுவாழ்வு, பாடுகள், இறப்பு, உயிர்ப்பு என்று இயேசுவின் வாழ்வைப் பின்பற்றி அதிகாரங்கள் செல்கின்றன. நாசரேத்தின் முப்பதாண்டு மௌனத்தோடு ஆதாமின் இளமையை ஒப்பிடுவது பொருந்துகிறது. பாலைநிலம் பொருந்தவில்லை. இயேசுவைப் பாலைநிலத்திற்கு அழைத்துச் சென்றவர் தூய ஆவியார். ஆதாம் தம் வீட்டை விட்டு ஒரு பராமரிப்பு நிலையத்தில் ஆண்டுகளைக் கழித்ததோ, அவரைத் தூக்கிச் சுமக்கப் பெற்றோரின் உடல் இடம் கொடுக்காமற்போனதாலும், வேறு இடம் கிடைக்காததாலும். சமுதாயத்தின் பற்றாக்குறையை ஆன்மிகப் பயணமாக்கிவிட்டால், அப்பற்றாக்குறைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியே எழாமற்போகும்.

பாடுகளின் அதிகாரத்தில் மட்டும் ஒப்புமை முழுமையாகக் கைகூடுகிறது. கையளிக்கப்பட்ட பின் இயேசு செய்தவை குறைவு. அவருக்குப் பிறர் செய்தவையே மிகுதி என்கிறார் நௌவென். இதைச் சொல்ல அவருக்குப் பல பக்கங்கள் வேண்டியிருந்தன. நம் மொழியில் ‘பாடு’ என்பதே ‘படு’ என்னும் வினையிலிருந்து பிறந்த சொல்லாயிற்றே! ஆதாமின் நாள்கள் முழுவதும் அத்தகையவை: பிறர் குளிப்பாட்டுவதும் பிறர் நடத்துவதும். நௌவென் ஆதாமோடு ஒரே வீட்டில் வாழ்ந்தது ஓராண்டுக்குச் சற்று மேல்தான் என்பதையும் வாசகர் நினைவில் கொள்ளவேண்டும். அதற்கு முன் பல்லாண்டுகள் சுமந்த தாய்க்கும் தந்தைக்கும் இன்னும் அதிகப் பக்கங்களைத் தந்திருக்கலாம்.

லார்ஷ் இல்லங்களை 1964-இல் தொடங்கிய ழான் வானியே, உடற்குறையற்ற வயதுவந்த பெண்கள் பலரை ஆன்ம வழிகாட்டுதல் என்னும் பெயரால் தம் இச்சைக்கு ஆளாக்கினார் என்பதை அவ்வமைப்பே 2020-இல் உலகுக்கு அறிவித்தது. 2023-இல் வெளியான ஆய்வறிக்கை குறைந்தது 25 பெண்களைக் குறிப்பிட்டது. வானியேயின் நூல்களைப் பிரசங்க மேடையில் எடுத்தாண்டவன் நான். இனி அது இயலாது. நௌவெனின் நூலும் அதோடு விழுந்துவிடுமா? நான் அப்படி எண்ணவில்லை. இந்நூல் நிறுவனரின் போதனைமேல் நிற்கவில்லை. ஒரு குளியலறையில் நிற்கிறது. ஆனால் ‘எளியோரே நம் ஆசிரியர்’ போன்ற இனிய சொற்களை இனி விழிப்போடுதான் வாசிக்கவேண்டும். அதிகாரம் உடையவர் அச்சொற்களுக்குப் பின்னால் எளிதில் ஒளிந்துகொள்ள முடியும்.

இக்கட்டுரை முழுவதும் ஆதாமை நான் ‘அவர்’ என்று எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதிய நௌவெனுக்கு இந்தத் தேர்வு இருக்கவில்லை. தமிழில் எழுதத் தொடங்கியபோது என் பேனா முதலில் ‘அவன்’ என்றே எழுதியது. முப்பது வயதானாலும் இத்தகையோரைப் ‘பிள்ளை’ என்றும் ‘அவன்’ என்றும் சொல்லியே பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் ஒரு பழைய நிகழ்ச்சியை என் முன் கொண்டுவந்தது.

நான் பங்குத்தந்தையாயிருந்த முதல் ஊரில் ஒரு தாய், 22 வயதான தம் மகனுக்குப் புதுநன்மை வேண்டும் என்று கேட்டு வந்தார். நான் மறைக்கல்விக் கேள்விகள் மூன்று கேட்டேன். அவர் சிரித்தார். “அடுத்த ஆண்டு பார்ப்போம்” என்றேன். அந்தத் தாய், “வீட்டுச் சோத்துக்குக் கையை நீட்டுவான், கோயில்ல அப்பத்தைக் கண்டா கையைக் கூப்புவான், சாமி” என்றார். நற்கருணை பெறும் சிறுவர் அம்மறைபொருளைத் தம் திறனுக்கு ஏற்ற அளவில் அறிந்திருந்தால் போதும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 913-ஆம் எண். சாகும் தறுவாயிலிருப்போருக்கோ, கிறிஸ்துவின் உடலைச் சாதாரண உணவிலிருந்து பிரித்தறிந்து வணக்கத்தோடு பெற்றுக்கொண்டாலே போதும். அச்சட்டத்தைக் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். சட்டம் கேட்டதையே அந்தத் தாய் தம் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டும் அவ்வாறே கழிந்தது. பிறகு எனக்கு மாற்றல் வந்தது. எனக்குப் பின் வந்த இளம் குரு, சில மாதங்களில் அவருக்குப் புதுநன்மை கொடுத்தார். அந்தத் திருப்பலிக்கு அந்தத் தாய் எனக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார். நான் போகவில்லை.