பிரஸ் ஷாப் காதுக்கு ஒரு பியானோ: விஜய் அய்யரின் 'கம்பேஷன்' கேட்பது எப்படி?

விஜய் அய்யரின் 'கம்பேஷன்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கேட்காதீர்கள். மூன்றாவதில் தொடங்குங்கள். கம்பெனி பஸ்ஸிலும் கேட்காதீர்கள். நான் இரண்டையும் செய்து ஏமாந்தவன்.

மணிமங்கலத்தில் காலை ஷிஃப்ட் பஸ் ஏறியதும் ஹெட்போனை மாட்டினேன். படப்பை தாண்டும்வரை, தகரத்தில் மழைத்துளி விழுவதுபோல் பியானோவின் மேல் ஸ்வரங்கள் மட்டும் எட்டிப் பார்த்தன. பக்கத்து சீட்டுப் பையன் ஒரு பக்கத்தை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டான்.

"என்னண்ணா, பாட்டு இன்னும் ஆரம்பிக்கலையா?"

"இதாம்பா பாட்டு."

"அப்ப பாடுறவரு எப்ப வருவாரு?"

வர மாட்டார். இது மூன்று பேர் மட்டும் வாசிக்கும் ஜாஸ் ஆல்பம். பியானோவில் விஜய் அய்யர், டபுள் பேஸில் லிண்டா மே ஹான் ஓ, ட்ரம்ஸில் டைஷான் சோரி. அன்று பஸ் எஞ்சின் இரண்டு பேரை முழுசாக விழுங்கிவிட்டது. டபுள் பேஸின் அடித் தந்தி எழுப்புவது சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது, பஸ் உறுமலில் வந்தாலும் தெரியாது. ஆகவே ராத்திரி, வீடு அடங்கிய பிறகு கேளுங்கள். சாதாரண ஒயர் இயர்போன் போதும், ஆனால் காதில் இறுக்கமாக உட்கார வேண்டும். இந்த ஆல்பத்துக்கு நான் வைக்கும் ஒரே நிபந்தனை இதுதான்: பேஸ் கேட்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அய்யர் யார்? அமெரிக்காவுக்குக் குடிபோன தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தவர். மூன்று வயதில் வயலின் பிடித்துப் பதினைந்து வருஷம் முறையாகப் படித்தார். பியானோவோ, பெரும்பாலும் தானாகக் கற்றது. யேல் பல்கலைக்கழகத்தில் கணக்கும் இயற்பியலும், பெர்க்லியில் இசையை மூளை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதில் முனைவர் பட்டம், 2013இல் மக்ஆர்தர் நல்கை, அடுத்த வருஷத்திலிருந்து ஹார்வர்டில் பேராசிரியர் வேலை. முதல் ஆல்பம் 1995இல் வந்தது. 'கம்பேஷன்' வந்தது 2024 பிப்ரவரியில், மியூனிக்கின் இ.சி.எம். நிறுவன வெளியீடாக. நடுவே 29 வருஷம். 2009இல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி'யில் ஈழத்துப் பெற்றோரின் பெண்ணான பாடகி எம்.ஐ.ஏ.யின் 'கலாங்'கை மூன்று வாத்தியத்துக்குள் அடக்கிக் காட்டினார். 2011இல் வந்த 'தீர்த்தா'வில் நம் கிதார் பிரசன்னாவோடும் தபலா நிதின் மிட்டாவோடும் வாசித்தார். அந்த நாள் அய்யரிடம் 'பார், எவ்வளவு கணக்கு போட்டிருக்கிறேன்' என்கிற மிடுக்கு கொஞ்சம் உண்டு. 'கம்பேஷ'னில் கணக்கு இருக்கிறது, காட்டிக்கொள்வது இல்லை. ஐம்பது தாண்டிய வாசிப்பு என்பது இதுதானோ என்னவோ.

சரி, மூன்றாவது பாட்டு. 'ஓவர்ஜாய்ட்', ஸ்டீவி வொண்டரின் 1985ஆம் ஆண்டுப் பாட்டு. 2021இல் மறைந்த பியானோ மேதை சிக் கொரியாவை நினைத்து இதை எடுத்துக்கொண்டார் அய்யர். முதலில் வொண்டர் பாடியதை இரண்டு முறை கேட்டு மெட்டை முணுமுணுக்கும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இவர்களைக் கேளுங்கள். கீர்த்தனை தெரிந்தவனுக்குத்தான் நிரவலின் ருசி தெரியும் இல்லையா, அதே கதை. மெட்டு எங்கே நேராக வருகிறது, எங்கே ஒளிகிறது, எங்கே வெறும் சாயலாக நிற்கிறது என்று பாருங்கள். மெட்டு காணாமல் போகும் இடத்தில்தான் ஜாஸ் இருக்கிறது.

அந்த இடத்தில்தான் நாம் பயந்து அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறோம். தாவ வேண்டாம். தொடையில் தட்டிக்கொண்டே இருங்கள். தாளம் விட்டுப்போகும், போகட்டும். சபாவில் தனி ஆவர்த்தனம் உச்சத்துக்குப் போகும்போது தாளத்தைத் தொலைத்த மாமா என்ன செய்வார்? நைசாகப் பக்கத்து மாமாவின் கையைப் பார்த்துச் சேர்ந்துகொள்வார். இந்த ஆல்பத்தில் அந்தப் பக்கத்து மாமா லிண்டா ஓவின் பேஸ். லிண்டா மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வளர்ந்தவர். பியானோ எங்கே போனாலும், சோரி அடியை எத்தனை துண்டாக உடைத்தாலும், லிண்டாவின் விரலைப் பிடித்துக்கொண்டால் வீட்டுக்கு வந்துவிடலாம். பேஸ் கேட்க வேண்டும் என்றது இதற்குத்தான்.

அடுத்து நேராகக் கடைசிப் பாட்டுக்குப் போங்கள். ஜான் ஸ்டபிள்ஃபீல்டின் 'ஃப்ரீ ஸ்பிரிட்ஸ்', ஜெரி ஆலனின் 'டிரம்மர்ஸ் சாங்' இரண்டையும் கோர்த்தது. ஜெரி ஆலன் 2017இல் மறைந்த பியானோக் கலைஞர். அவருடைய இந்தப் பாட்டை இதே மூவர் 2021இன் 'அனீஸி'யிலும் வாசித்திருக்கிறார்கள். பியானோவையே ஒரு கொட்டு வாத்தியமாக்கும் பாட்டு. இங்கே நம் தொழிற்பேட்டைக்காரர்களுக்குச் சபாக்காரர்களைவிட ஒரு படி அனுகூலம் உண்டு.

தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிரஸ். ஒன்று நிமிஷத்துக்கு 12 ஸ்ட்ரோக், இன்னொன்று 16. முதலாவது ஐந்து நொடிக்கு ஒரு முறை இறங்கும், இரண்டாவது அதற்குள் இறங்கிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டிருக்கும். வெளி ஆளுக்கு அது வெறும் இரைச்சல். ஆனால் சரியாக 15 நொடிக்கு ஒரு தடவை இரண்டும் ஒன்றாக 'டம்' என்று விழும். மூன்றுக்கு நான்கு. மிருதங்கக்காரர் சதுஸ்ரத்தின்மேல் திஸ்ரம் போடுகிறார் என்போமே, அந்தக் குடும்பம்தான். எட்டு மணி நேரம் நின்றால் அந்தச் 'சேர்ந்த அடி' எப்போது வரும் என்று உடம்புக்கே தெரிந்துவிடும். யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். இந்த மூவரையும் அப்படித்தான் கேட்க வேண்டும். மூன்று மெஷின், மூன்று ஓட்டம், எங்கோ ஓரிடத்தில் ஒன்றாக விழப்போகிறது. அதற்காகக் காத்திருப்பதுதான் ரசனை. விழும்போது உங்களை அறியாமல் தலை ஆடும்.

அய்யரின் கைகளையும் கவனியுங்கள். நம் மணிமங்கலம் ராஜகோபாலப் பெருமாளுக்குச் சங்கும் சக்கரமும் கை மாறி இருக்கும். சேவிக்கப் போகிறவர் சொல்லாவிட்டால் கவனிக்க மாட்டார், கவனித்தபின் வேறு எதுவும் கண்ணில் படாது. அய்யரின் இடது கையும் அப்படி. துணைக்கு உட்கார்ந்த கை என்று நாம் நினைக்க, பல இடங்களில் பாட்டை இழுத்துக்கொண்டு போவது அதுதான். ஒருமுறை இடது கையை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

நடுவே வரும் 'நோனா'வை என்ன செய்வது? ராஸ்கோ மிட்செலின் படைப்பு, கரடுமுரடானது. 1976இல் சுவிட்சர்லாந்தின் வில்லிசாவில், தன்னை விரும்பாத கூட்டத்துக்கு முன்னால், மிட்செல் இதன் ஒரே துண்டைத் திரும்பத் திரும்பச் சாக்ஸஃபோனில் ஊதிக் கூட்டத்தையே தன் பக்கம் இழுத்தார். அந்தக் கதையோடு கேட்டால் பிடிக்கலாம். எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இவ்வளவும் ஆன பிறகு ஒன்றாம் பாட்டுக்கு வாருங்கள். தலைப்புப் பாட்டு அவசரமே இல்லாதது. தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூவுக்கான 'ஆர்ச்' அதற்கு அடுத்து. இதற்குள் பேஸ் உங்களுக்குப் பழகியிருக்கும். முதல் நாள் காலியாகத் தெரிந்த இடத்தில் எல்லாம் யாரோ வேலை செய்துகொண்டிருப்பது கேட்கும். சிம்பலைத் தொட்டும் தொடாமலும் விடுகிற அந்த டைஷான் சோரிக்கு அதே 2024இல், ட்ரம்ஸுக்கு அல்ல, இசையமைப்புக்காகப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

நைட் ஷிஃப்ட் முடித்து வந்த காலையில் மட்டும் போடாதீர்கள். ஐந்தாவது பாட்டு 'ப்ரிலூட்: ஒரிசன்' வரும்போது தூங்கிவிடுவீர்கள். நான் இரண்டு முறை தூங்கியிருக்கிறேன்.