வடசென்னைப் பார்வையாளரும் அண்மைக்காலத் திரில்லர், நகைச்சுவைப் படங்களும்

2023, 2024 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தமிழ்த் திரில்லர், நகைச்சுவைப் படங்களுள் நான்கினை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி, இராயபுரம் போன்ற வடசென்னைப் பகுதிகளின் பார்வையாளரை மனத்தில் கொண்டு, அவற்றுள் எவை பார்க்கத்தக்கவை, எதைத் தவிர்க்கலாம் என்பது கூறப்படுகிறது.

பின்னணி

பெரம்பூரில் 1985-இல் ரஜினிகாந்த் திறந்து வைத்த பிருந்தா திரையரங்கு 2025-இல் மூடப்பட்டது. நடந்தே சென்று, குறைந்த செலவில் படம் பார்த்துத் திரும்பும் வழக்கம் இத்தகைய அரங்குகளோடு மறைந்து வருகிறது. வணிக வளாகத் திரையரங்குக்குக் குடும்பத்துடன் செல்வது ஒரு தொழிலாளியின் மாத வரவு செலவில் கணக்குப் பார்க்க வேண்டிய ஒன்று. ஆகவே எந்தப் படத்துக்குப் போவது என்பது இங்கே சிறிய கேள்வி அன்று.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்த் திரையில் வடசென்னை பெரும்பாலும் இரு வகையாகவே வந்துள்ளது: திரில்லரில் ரவுடிகளின் இடமாக, நகைச்சுவையில் 'மெட்ராஸ் பாஷை' பேசும் கோமாளியின் ஊராக. 'சபாஷ் மீனா' (1958) படத்தில் ரிக்‌ஷாக்காரராக நடித்த சந்திரபாபு அப்பேச்சுக்கு ஓர் அழகைத் தந்தார். பின்வந்த பல படங்களில் பேச்சு மட்டும் எஞ்சியது. பேசுபவரின் வாழ்க்கை காணாமல் போயிற்று. வியாசர்பாடியைக் களமாகக் கொண்ட பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) அந்த வாழ்க்கையை மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தது.

அளவுகோல்

திரில்லருக்கு ஒரே கேள்வி போதும்: முடிச்சு அவிழும்போது, அதற்கான தடயங்கள் முன்பே நம் கண்முன் இருந்தனவா? சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய 1943 அக்டோபரைப் பின்னணியாகக் கொண்ட 'அந்த நாள்' (1954), ஒரு பாட்டுகூட இல்லாமல் இதைச் செய்து காட்டியது. நகைச்சுவைக்கும் ஒரு கேள்வி உண்டு: நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? வலியவனைப் பார்த்தா, எளியவனைப் பார்த்தா?

போர் தொழில் (2023)

விக்னேஷ் ராஜா இயக்கிய இப்படத்தில் திருச்சிப் பகுதியில் நிகழும் தொடர்கொலைகளை ஓர் அனுபவசாலி அதிகாரியும் (சரத்குமார்) புதிதாகப் பணியில் சேர்ந்த இளைஞரும் (அசோக் செல்வன்) துப்புத் துலக்குகின்றனர். காதல் பாட்டுக்காகக் கதை நிற்பதில்லை. நாயகனுக்குத் தனி வரவேற்பும் இல்லை. பயப்படும் சுபாவமுள்ள ஒருவர் காவல் அதிகாரியாக இருக்கலாம் என்று காட்டியது இதன் சிறப்பு. குற்றவாளியின் இளமைக் காலத்தைக் கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிட முயலும் பிற்பகுதி சற்றே எளிமையானது. இருப்பினும் தடயங்களை நேர்மையாக வைக்கும் படம். பார்க்கலாம்.

சொர்க்கவாசல் (2024)

1999-இல் சென்னை மத்திய சிறையில் நடந்த கலவரத்தை அடிப்படையாகக் கொண்டு சித்தார்த் விஸ்வநாத் இயக்கியது. அச்சிறை 2006-இல் புழலுக்கு மாற்றப்பட்டது. செய்யாத கொலைக்காக உள்ளே வரும் சாலையோர உணவுக் கடைக்காரராக ஆர்.ஜே. பாலாஜி நடித்துள்ளார். கலவரத்துக்குப் பிந்தைய விசாரணையில் ஒவ்வொருவரும் தத்தம் நியாயத்தைச் சொல்ல, கதை துண்டு துண்டாக விரிகிறது. யார் சொல்வது உண்மை என்று தீர்மானிக்கும் வேலை பார்வையாளருக்கே விடப்படுகிறது.

பாத்திரங்கள் மிகுதி. கடைக்காரரின் மனமாற்றம் விரைவாக நிகழ்ந்துவிடுகிறது. ஆயினும், சிறை ஒரு மனிதனைக் குற்றவாளியாக ஆக்குவது எப்படி என்ற கேள்வி ரவுடிக் கதைகளில் அரிதாகவே எழுப்பப்படும் ஒன்று. வன்முறைக் காட்சிகள் கடுமையானவை, சிறுவர்களுக்கு ஏற்றதன்று. பெரியவர்கள் பார்க்கலாம்.

மாவீரன் (2023)

'மண்டேலா'வுக்காகத் தேசிய விருது பெற்ற மடோன் அஸ்வினின் அடுத்த படம். குடிசைப் பகுதியிலிருந்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட மக்கள், புது வீட்டின் சுவர் பெயர்வதைக் காண்கின்றனர். சிவகார்த்திகேயன் ஏற்ற படக்கதை ஓவியர் பாத்திரம் எதையும் பொறுத்துப் போகச் சொல்லும் பயந்தாங்கொள்ளி. தனக்கு மட்டும் கேட்கும் ஒரு குரல் அவரை வீரனாக வர்ணிக்கத் தொடங்குகிறது.

பெரம்பூரை ஒட்டிய புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் 2021-இல் கை பட்டாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்ததும், ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்வு செய்ததும் செய்தியாயின. அதை அறிந்தவர்களுக்கு இப்படத்தின் சிரிப்பில் ஒரு கசப்பும் சேரும். விரிசலைப் பூசி மறைக்கும் காட்சிகளில் சிரிப்புக்கு இலக்காவது குடியிருப்பவர் அல்லர், கட்டியவரும் கட்டவைத்தவருமே. இறுதிப் பகுதி வழக்கமான நாயகச் சண்டையில் முடிவது குறை: ஊர் கூடித் தீர்க்க வேண்டியதை ஒருவன் தீர்த்துவிடுகிறான். எனினும் குடும்பத்துடன் பார்க்க வேண்டிய படம் இதுவே.

சூது கவ்வும் 2 (2024)

நலன் குமரசாமியின் 'சூது கவ்வும்' (2013), ஆள்கடத்தலுக்கு ஐந்து விதிகள் வகுத்துக்கொண்ட அரைகுறைக் கூட்டத்தின் கதை. அவ்விதிகள் ஒவ்வொன்றாக உடைவதிலிருந்தே சிரிப்பு பிறந்தது. நேர்மை தோற்று ஊழல் வெல்லும் முடிவு அச்சிரிப்பைக் கூர்மையாக்கியது. எஸ்.ஜே. அர்ஜுன் இயக்கத்தில் மிர்ச்சி சிவா நடித்த இரண்டாம் பாகம், முதல் படத்தின் நினைவை நம்பியே நகர்கிறது. அரசியல் கேலி உண்டு; ஆனால் நகைச்சுவைத் துணுக்குகள் கதையிலிருந்து எழவில்லை, கதைமேல் ஒட்டப்பட்டுள்ளன. தவிர்க்கலாம். அதே நேரத்தில் முதல் பாகத்தை மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

மதிப்பீடு

மேற்கண்டவற்றுள் முதல் மூன்றும் குறையற்றவை அல்ல. ஆனால் மூன்றும் பார்வையாளரை அறிவுள்ளவராக மதிக்கின்றன. வடசென்னையைப் பொறுத்தவரை 'மாவீரன்' முக்கியமானது. அடுத்தவர் சிரிப்பதற்கான பொருளாக இருந்த மக்கள், அதில் தாமே சிரிக்கும் இடத்துக்கு வருகிறார்கள். இனி வரும் நகைச்சுவைப் படங்களை மாணவர்கள் இந்த அளவுகோலைக் கொண்டு தாமே மதிப்பிட்டுப் பார்க்கலாம்.