பின்ட்ரஸ்ட் கோலமும் அம்மாவின் நோட்டும்

போன மார்கழியில் என் மகள் பின்ட்ரஸ்ட்டில் ஒரு சிக்குக் கோலத்தைப் பிடித்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் போட ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் ஆகியும் இழை சேரவில்லை. "படத்துல சரியாத்தானேப்பா இருக்கு?" என்றாள். படத்தில் அகல் விளக்கு, பூ எல்லாம் இருந்தது. ஓரத்தை அழகாக வெட்டியிருந்தார்கள். வெட்டியதில் ஒரு புள்ளி வரிசையும் போய்விட்டது.

பின்ட்ரஸ்ட்டை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். 2010-இல் வந்த அந்தத் தளம் இல்லாவிட்டால் இத்தனை ஊர்க் கோலங்களை ஒரே இடத்தில் நான் பார்த்திருக்க முடியாது. நிறச் சேர்க்கைக்கும் ரங்கோலிக்கும் அது போதும். கண்ணால் பார்த்தே போட்டுவிடலாம். சிக்குக் கோலம் வேற கதை.

பழைய மகளிர் இதழ்களில் கோலத்துக்குக் கீழே "15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி" என்று ஒரு வரி இருக்கும். நடுவரிசையில் 15, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-இல் முடியும். மொத்தம் 169 புள்ளி. அச்சு மங்கலாக இருந்தாலும் அந்த வரியை வைத்துக் கோலத்தை மீட்டுவிடலாம். எங்கள் தொழில் பாஷையில் அதுதான் சோர்ஸ் கோடு. பின்ட்ரஸ்ட் தருவது ஸ்கிரீன்ஷாட்.

அடுத்தது, 'இதுபோன்ற படங்கள்' என்று அது காட்டும் வரிசை. நிறம், வடிவம் போன்ற காட்சி ஒற்றுமையை எண்களாக்கி, பக்கத்தில் வருவதை எடுத்துக் காட்டுகிறது. புள்ளிகளுக்கு இடையே குறுக்காகப் பின்னிப்போகும் எளிய சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 4×5 புள்ளியில் போட்டால் ஒரே இழை. 4×4-இல் போட்டால் நான்கு தனித்தனி இழைகள். இரண்டு எண்களின் மீ.பொ.வ. எதுவோ அத்தனை இழை! பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்; போடுகிற கைக்கு அவை வேறு வேறு.

இதை ஆராய்ச்சியாளர்கள் எப்போதோ கவனித்திருக்கிறார்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலத்தை இலக்கண விதிகளால் உருவாகும் ஒன்றாக எடுத்துக்கொண்டு கணினியியல் கட்டுரை எழுதினார்கள். அவர்கள் தேடியது கோலம் பிறக்கும் விதியை. நாம் சேமிப்பது அதன் போட்டோவை.

இதில் என் பங்கும் உண்டு. வீடு மாற்றும்போது அம்மாவின் கோல நோட்டை, "இதெல்லாம் போன்லயே இருக்கும்மா" என்று சொல்லிப் பழைய பேப்பரோடு போட்டவன் நான்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது மகள் ஒரு படத்தைச் சேமிக்கும் முன் புள்ளியை எண்ணி, புது நோட்டில் எழுதிக்கொள்கிறாள். எண்ண முடியாத படத்தைச் சேமிப்பதில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஞாபகத்தில் இருக்கும் பழைய கோலங்களைச் சொல்கிறாள். இதுவரை 11 கோலம் திரும்பக் கிடைத்திருக்கிறது.