பலியும் ஒப்புரவும்: மாரிகுப்பத்திலிருந்து ஒரு பார்வை

கிறிஸ்தவ இறையியலில் ‘அட்டோன்மென்ட்’ எனப்படும் கருத்துக்குத் தமிழில் ஒரே சொல் அமையவில்லை. பழைய தமிழ் வேதாகமம் லேவியராகமத்தில் ‘பாவநிவிர்த்தி’ என்கிறது. ரோமர் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் ‘கிருபாதாரபலி’ என்றும், 5ஆம் அதிகாரத்தில் ‘ஒப்புரவாகுதல்’ என்றும் கூறுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ ‘கழுவாய்’ என்னும் சங்கச் சொல்லை எடுத்தாள்கிறது. இவற்றுள் எதை அழுத்திச் சொல்கிறோமோ அதற்கேற்பவே நம் சமய வாழ்வும் அமையும்.

கோலார் தங்கவயல் மக்களுக்கு ‘மீட்பு’ வெறும் ஏட்டுச் சொல் அன்று. அடகு வைத்த நகையைப் பணம் கட்டி மீட்போம். சுரங்கத்தில் பாறை வெடித்துச் சிக்கியவரை ஆள் இறங்கி மீட்பார்கள். முன்னதில் விலை, பின்னதில் அன்பும் துணிவும். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம், கடவுளின் மாண்புக்கு மனிதன் பட்ட கடனைக் கிறிஸ்து ஈடு செய்தார் என்றார். அடுத்த நூற்றாண்டில் அபெலார்டு, சிலுவையில் வெளிப்பட்ட அன்பு மனித உள்ளத்தை மாற்றுவதையே முதன்மையாகக் கண்டார். நம் பிரசங்க மேடைகளில் அதிகம் கேட்பது ஆன்செல்மின் கணக்குதான்: “அவரு கட்டிட்டாரு, நாம தப்பிச்சோம்!”

அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கைய பௌத்த சங்கத்துக்கு இதே மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. ஒருவர் வினையை மற்றொருவர் சுமக்க இயலாது என்பது பௌத்த அறம். “ஒருத்தன் செஞ்சதுக்கு இன்னொருத்தன் எப்படிப் பொறுப்பாவான்?” என்னும் கேள்வியைக் கிறிஸ்தவர்கள் எளிதில் ஒதுக்கிவிடலாகாது. பலியை மட்டும் பேசினால் இதற்கு நிறைவான விடையில்லை. ஒப்புரவையும் சேர்த்துப் பேசினால் உண்டு.

திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ‘ஒப்புரவறிதல்’. கைம்மாறு கருதாமல் ஊருக்கு உதவுவதே அங்கே ஒப்புரவு. அச்சொல்லையே மொழிபெயர்ப்பாளர்கள் கடவுளோடு மனிதன் மீண்டும் சேர்வதற்கும் வைத்தார்கள். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, மனத்தாங்கல் உள்ள சகோதரனிடம் முதலில் போ என்று இயேசு சொன்னதாக மத்தேயு எழுதுவதும் இதனோடு பொருந்துகிறது. ஆகவே சிலுவை, நம் பொறுப்பைக் கழற்றிவிடும் ரசீது அன்று; பொறுப்பைத் தொடங்கிவைக்கும் அழைப்பு.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய பெருஞ்சுரங்கத் தொழில் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. தங்கம் போயிற்று, சயனைடு மண்மேடுகள் நின்றன, வேலை இழந்தோர் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறினர். சுரங்கத்தில் மாண்டவர்களைத் ‘தியாகிகள்’ என்று புகழ்ந்து முடித்துக்கொள்வது, பலியைப் பேசி ஒப்புரவை மறப்பதாகும். கொடுஞ்செயல்களுக்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவர்க்கு உய்வில்லை என்கிறது புறநானூற்றின் 34ஆம் பாட்டு. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாமும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தங்கவயலில் பலிக்குக் குறைவில்லை. ஒப்புரவுதான் இன்னும் பாக்கி.