பூ போன திசை

திருத்தணி மலைக்கோயிலுக்கு முதல்முறை வருகிறவர்கள் ஒரு கேள்வி கேட்காமல் இறங்குவதில்லை: யானை ஏன் திரும்பி நிற்கிறது? வாகனம் என்றால் சந்நிதியைப் பார்த்து நிற்க வேண்டும். இங்கே ஐராவதம் சுவாமிக்கு முதுகைக் காட்டி, கிழக்கே வெளியைப் பார்க்கிறது. பதிலுக்கு ஒரு கதை இருக்கிறது. மகள் தெய்வானைக்குச் சீதனமாக இந்திரன் யானையை அனுப்பினான். அது போனதும் தேவலோகத்துச் செல்வம் தேயத் தொடங்கியது. கொடுத்த சீரைத் திரும்பக் கேட்க மாமனாருக்கு வாய் வரவில்லை. திருப்பி அனுப்ப மருமகனுக்கும் மனமில்லை. யானை இங்கேயே இருக்கட்டும், பார்வை மட்டும் அங்கே போகட்டும் என்று முருகன் முடித்துவைத்தார். நம் வீடுகளில் பெரியவர்கள் பேசித் தீர்க்கிற பாணியில் அமைந்த கதை. ஆனால் கதை பிறப்பதற்கு முன்னால், திசை மாறி நிற்பதை யாரோ ஒருவர் கவனித்து நின்றிருக்க வேண்டும். எனக்கு அந்த ஆளைத்தான் பிடிக்கிறது.

அவர் கையில் கொடுத்துப் பார்க்கத் தோன்றுகிற புகைப்படம் ஒன்று உண்டு. 1916 ஜூலை 14, பாரிஸ். பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். நேச நாட்டுப் படைகள் நகரத் தெருவில் அணிவகுத்துப் போகின்றன. தலைப்பாகையும் தாடியுமாக இந்தியச் சிப்பாய்கள் வருகிறார்கள். கூட்டத்திலிருந்து இருண்ட உடையும் தொப்பியும் அணிந்த ஒரு பெண் வெளியே வந்து, ஓரத்தில் வருகிற சீக்கியரின் மார்பில் ஒரு பூவைக் குத்துகிறாள். அவ்வளவுதான் படம். இந்தியாவில் முதல் உலகப் போரைப் பற்றி எவர் எழுதினாலும் இந்தப் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். அதனாலேயே அதை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

முதலில் ஒரு கணக்கு இடிக்கிறது. இந்தியப் படை மார்சேய் துறைமுகத்தில் வந்து இறங்கியது 1914 செப்டம்பர் கடைசியில். நவ் ஷாப்பெல், லூஸ் என்று ஓராண்டுக்கு மேல் பதுங்குகுழிகளில் அடிபட்ட காலாட்படைப் பிரிவுகள் இரண்டும் 1915 முடிவதற்குள் மெசபடோமியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டன. பிரான்சில் தங்கியது குதிரைப்படை. அது 1918 தொடக்கம் வரை அங்கேதான் இருந்தது. அப்படியானால் 1916 ஜூலையில் பாரிஸ் தெருவில் நடந்து வருகிற இவர்கள் யார்? குதிரையைப் பின்னால் விட்டுவிட்டு வந்த குதிரைவீரர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இப்படி ஊகிக்கத் தொடங்கிய பிறகு பழைய போர்ப் படங்களில் முகத்தைவிட முழங்காலைத்தான் அதிகம் பார்க்கிறேன். காலில் சுற்றும் பட்டி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். காலாட்படைக்காரன் கணுக்காலில் தொடங்கி மேலே சுற்றிக்கொண்டு போய் முழங்காலுக்குக் கீழே முடிவான். குதிரைக்காரன் முழங்காலடியில் தொடங்கிக் கீழே வந்து கணுக்காலில் முடிவான். முடிச்சு முழங்காலடியில் இருந்தால் சேணத்தில் உரசும். ஒருவனுடைய தொழில் நூலிழையில் எழுதியிருக்கிற இடம் அது. படத்துக்குக் கீழே அச்சிடுகிற விவரக்குறிப்பு பொய் சொல்லலாம். முடிச்சு பொய் சொல்வதற்குக் காரணம் இல்லை.

அடுத்தது கை. பூவை நீட்டுவது சுலபம். எறிவது அதைவிடச் சுலபம். குத்துவதற்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க, மறு கை ஊசியைச் செலுத்த. பிரிட்டிஷ் முறைப் பயிற்சியில் நடைபோடும்போது துப்பாக்கி இடத்தோளில் சாய்ந்திருக்கும், அடிக்கட்டையை இடக்கை தாங்கும், வலக்கை வீசி வரும். நெஞ்சில் பாதி இரும்புக்கும் மரத்துக்கும் போய்விட்டது. மிச்சமிருக்கிற இடத்தில், பக்கத்து ஆளோடு கால் தப்பாமல் வருகிற ஒருவனோடு தானும் நடந்துகொண்டே அவள் ஊசி குத்த வேண்டும். நம் வீட்டுத் திருமணத்தில் சட்டைப்பையில் ரோஜாவைச் செருகிவிடுகிறவர்களைக் கேளுங்கள். அசையாமல் நில்லுங்கள் என்பார்கள். இந்தச் சிப்பாய்க்கு நிற்க அனுமதி இல்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. தன் மார்பில் நடக்கிற ஒரு காரியத்தில் அவனுக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. படத்தின் அழகில் பாதி இந்தச் செயலற்ற நிலையில் இருக்கிறது.

சரி, என்ன பூ?

நமக்கு இது வெட்டிக் கேள்வி அல்ல. போருக்கு இன்ன கட்டத்தில் இன்ன பூ என்று இலக்கணமே வகுத்து வைத்த மொழி இது. ஆநிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை, படையெடுத்துப் போக வஞ்சி, கோட்டையை வளைக்க உழிஞை, காக்க நொச்சி, களத்தில் நேருக்கு நேர் நிற்கத் தும்பை, வென்றபின் வாகை. பிரான்சில் அப்போது நடந்துகொண்டிருந்தது உழிஞையா நொச்சியா என்று கேட்டால் புறப்பொருள் வெண்பாமாலை எழுதிய ஐயனாரிதனாரே கொஞ்சம் தடுமாறியிருப்பார். இரண்டு தரப்பும் குழிக்குள் இருந்தன, இரண்டும் வளைத்தன, இரண்டும் காத்தன. எதுவானாலும் பூக்கோள் முறையில் ஒரு சங்கதி மாறுவதில்லை. பூ அரசனிடமிருந்து வரும். பறை அறைந்து அழைத்து, தன் வீரனுக்குத் தன் அரசன் கொடுப்பது அது.

பாரிஸ் பூவில் அந்த ஒழுங்கு குலைகிறது. சிப்பாயின் அரசன் லண்டனில் இருக்கிறான், ஊர் பஞ்சாபில் இருக்கிறது. பூவைக் குத்துகிறவள் அவன் குடியும் அல்ல, குலமும் அல்ல. அவன் மொழி அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பூவின் நிறத்தைக் கேட்டால் படம் இன்னும் குழப்பும். அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். வானம் எல்லாப் பழைய படங்களிலும் வெள்ளைத்தாளாக இருப்பதும், நம் பாட்டிமார் நெற்றிக் குங்குமம் மையிட்டதுபோல் கறுத்திருப்பதும் இதனால்தான். ஆகவே படத்தில் வெளிறித் தெரிகிற பூ வெள்ளையாகவும் இருக்கலாம், நீலமாகவும் இருக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் போர்வீரர்களுக்கான நினைவுப் பூவாகப் பின்னர் ஏற்றுக்கொண்டது வயல்களில் பூக்கும் ஒரு நீலப்பூவைத்தான். பெண்ணின் இருண்ட உடை இன்னொரு புதிர். வெர்டன் சண்டை பிப்ரவரியில் தொடங்கி இன்னும் ஓயாத சமயம், வீட்டுக்கு வீடு சாவு. அது துக்க உடையா? அடர்சிவப்பு உடுத்தி, திருவிழா பார்க்க வந்தவளாக ஏன் இருக்கக்கூடாது? தகட்டுக்குத் துக்கமும் சிவப்பும் ஒன்றுதான்.

இங்கே திருத்தணிக்காரனுக்கு ஒரு சொந்த நினைவு குறுக்கிடும். இந்தப் படம் எடுத்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழிந்து, அதே போர் நடந்துகொண்டிருக்கையில், 1917 டிசம்பர் 31 இரவு, அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த மலையில் முதல் படித்திருவிழா நடந்தது. தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். சனவரி முதல் தேதி என்றால் உத்தியோகத்தில் இருப்பவர்கள் மாலையும் எலுமிச்சம்பழமுமாக வெள்ளைக்காரத் துரைகளின் பங்களாவுக்குப் போய் நிற்பது அன்றைய வழக்கம். துரைக்குப் போகிற மாலை, துரைகளுக்கெல்லாம் துரையான தணிகை முருகனுக்குப் போகட்டும் என்று சுவாமிகள் அதைத் திருப்பிவிட்டார். 365 படிக்கும் படிக்கொரு திருப்புகழ் பாடி, கற்பூரம் ஏற்றி ஏறுவது இன்றுவரை நடக்கிறது. சண்டை மறியல் எதுவும் இல்லை. பூ போகிற திசையை மாற்றினார், அவ்வளவே.

பூ அன்று எப்போதும் கீழிருந்து மேலே போயிற்று: கறுத்த கையிலிருந்து வெள்ளைக் கழுத்துக்கு. பாரிஸ் படத்தில் அது எதிர்த்திசையில் வருகிறது. ஐராவதத்தை முதலில் கவனித்த அந்த ஆள் இதைத்தான் முதலில் பிடித்திருப்பார்.

ஆங்கிலேயருக்கு இந்தத் திசை பிடிக்காது என்பதற்குச் சான்று இருக்கிறது. 1915 மே மாதம் லண்டன் டெய்லி மெயில் ஒரு படம் வெளியிட்டது. விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் குதாதாத் கான். அருகில் ஓர் ஆங்கிலச் செவிலி. வேறொன்றும் இல்லை. மேலிடத்தில் பெரிய கலக்கம் உண்டாகி, இந்தியக் காயக்காரர்கள் இருந்த மருத்துவமனைகளிலிருந்து வெள்ளைச் செவிலியரை விலக்கச் சொல்லி உத்தரவு வந்தது. உயிரைக் கொடுக்க வந்தவன் அருகில் நின்றதற்கு இந்தப் பாடு. அடுத்த ஆண்டே பாரிஸில், பகல் வெளிச்சத்தில், கூட்டத்தின் நடுவே, அவள் நிற்கவில்லை, தொட்டாள். சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அலுவலகம் பிரித்துப் படித்தது. அதைத் தெரிந்துகொண்டவர்கள் மிளகு என்றால் இந்தியர், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளையர் என்று மறைத்து எழுதினார்கள். மிளகு தீர்ந்துபோகிறது என்று ஒருவன் எழுதினால் ஊரில் புரிந்துகொள்வார்கள். இந்தக் கடிதங்களோடு சேர்த்துப் பார்த்தால், பூவைக் குத்த விட்டு நேரே பார்த்து நடக்கிறவனின் முகத்தில் வெட்கத்தை மட்டும் படிக்க எனக்கு மனம் வருவதில்லை.

தமிழனை இந்தப் படத்தில் தேட வேண்டாம். சென்னை மாகாணப் படைகளில் பல வேறு களங்களுக்குப் போயின. பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கித் தோற்றுத் திரும்பியது. இரு தரப்பையும் தேனீக்கள் துரத்திக் கொட்டிய சண்டை அது. அவர்களுக்கு யாரும் பூக்குத்தவில்லை.

தெலுங்கு நாட்டுப் பெயர் ஒன்று இதில் வரும், எல்லையோர ஊர்க்காரன் அதை விட முடியாது. பாரிஸில் பூ ஏறிய அதே ஜூலை 14. வடக்கே சோம் போர்க்களத்தில், செகந்திராபாத் குதிரைப்படைப் பிரிகேடைச் சேர்ந்த டெக்கான் ஹார்ஸ் காலையிலிருந்து ஒரு பள்ளத்தாக்கில் குதிரைகளோடு காத்துக் கிடந்தது. சீக்கியரும் ஜாட்டுகளும் தக்காண முஸ்லிம்களும் இருந்த படை. மாலை ஏழு மணியளவில் உத்தரவு வந்தது. 7ஆம் டிராகூன் கார்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படையோடு சேர்ந்து, விளைந்து நின்ற தானியத்துக்குள் ஈட்டியை நீட்டியபடி ஹை வுட் என்ற காட்டை நோக்கிப் பாய்ந்தார்கள். எந்திரத் துப்பாக்கிக் காலத்தில் ஈட்டி. இரவு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்து, விடியுமுன் திரும்ப வேண்டியதாயிற்று. அந்தக் காடு முழுதாகக் கைக்கு வர செப்டம்பர் ஆனது. பள்ளத்தாக்கில் காத்திருக்கும் டெக்கான் ஹார்ஸின் படமும் கிடைக்கிறது. பாரிஸ் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் சிபாரிசு. ஒரே நாள், ஒரே மாதிரித் தலைப்பாகைகள். இங்கே தும்பைக்குப் போகிறவர்கள் பூவில்லாமல் நிற்கிறார்கள். அங்கே நடைபோடுகிறவனுக்கு வாகை முன்பணமாகக் கிடைக்கிறது.

திருத்தணியில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் கிடையாது. சண்டை முடிந்து சினம் ஆறிய தலம் என்பதால் மற்ற ஊர்களில் வேல் எறிகிற நாளில் இங்கே மலர் பொழிவார்கள், புஷ்பாஞ்சலி. போர்வீரனுக்குப் பூ போட வேண்டிய நேரம் போருக்கு முன்னா பின்னா என்பதில் இந்த மலைக்கு ஓர் உறுதியான கட்சி இருக்கிறது. பாரிஸ்காரிக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. இந்த ஆள் மறுபடி இந்தத் தெருவில் நடந்து வருவான் என்று அவளிடம் யார் சொன்னார்கள்?

இப்போது பழைய படங்களுக்கெல்லாம் கணினியில் வண்ணம் ஏற்றுகிறார்கள். இந்தப் படத்துக்கும் ஏற்றுகிறவர் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். சீருடைக்குக் காக்கி, தெருவுக்குச் சாம்பல், தாராளமாகப் போடுங்கள். பூவுக்குச் சிவப்பு மட்டும் வேண்டாம். சிவப்பாக இருந்திருந்தால் அந்தத் தகட்டில் அது கறுத்திருக்கும்.