கூம்பைச் சுருட்டிய விரல்கள்

ஐஸ்கிரீமோடு சேர்த்தே தின்றுவிடக்கூடிய கூம்பின் கதையை வழக்கமாக இரண்டு ஆண்களை வைத்துச் சொல்கிறார்கள். ஒருவர், நியூயார்க்கில் தள்ளுவண்டியில் ஐஸ் விற்ற இத்தாலியர் இட்டாலோ மார்க்கியோனி. உண்ணக்கூடிய குவளைகளை வார்க்கும் அச்சுக் கருவிக்கு அவர் 1903இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மற்றவர், சிரியாவிலிருந்து குடியேறிய எர்னஸ்ட் ஹம்வி. 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் பக்கத்துக் கடைக்காரரிடம் கிண்ணம் தீர்ந்துபோக, தான் சுட்டுக்கொண்டிருந்த மெல்லிய வாஃபிளைச் சுருட்டிக் கொடுத்தார் என்பது கதை. அதே கண்காட்சியைச் சொல்லி உரிமை கோரியவர்கள் இன்னும் சிலர் உண்டு. அவர்களும் ஆண்களே.

இதற்கெல்லாம் முன்பு, 1888இல், லண்டனில் ஆக்னஸ் மார்ஷல் தன் சமையல் நூலில் கூம்பு செய்யும் முறையை அச்சிட்டுவிட்டார். பொடியாக நறுக்கிய பாதாம், மைதா, சர்க்கரை, முட்டை, ஆரஞ்சுப் பூ நீர் ஆகியவற்றைக் கலந்து, தட்டில் மெல்லியதாகப் பரப்பிச் சுட்டு, வட்டமாக வெட்டி, தகரக் கூம்பின் மேல் சுற்ற வேண்டும். உள்ளே க்ரீமோ பழமோ ஐஸோ நிரப்பலாம். மார்ஷல்தான் முதலில் செய்தார் என்று நான் வாதாடவில்லை. மெல்லிய வேஃபரைச் சுருட்டும் பழக்கம் ஐரோப்பாவில் அவருக்கும் முந்தையது. நான் கேட்பது வேறு. ஒரே பண்டம் ஆணின் கடையில் 'கண்டுபிடிப்பு' ஆகிறது. பெண்ணின் நூலில் 'சமையல் குறிப்பு' ஆகிறது. எப்படி?

மார்ஷல் முடங்கிக் கிடந்த இல்லத்தரசி இல்லை. திருமணமான பெண்கள் தம் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள அனுமதித்த சட்டம் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது 1883இல். அதே ஆண்டில் அவருடைய சமையல் பள்ளி தொடங்கியது. பள்ளியோடு அச்சுகளும் விற்றார். அவர் பெயரில் விற்பனையான ஐஸ்கிரீம் இயந்திரம் 1885இல் காப்புரிமை பெற்றது. அப்படிப்பட்டவரின் நூலிலும் இயந்திரத்துக்குக் காப்புரிமை, கூம்புக்கு ஒரு பத்திதான். சட்டம் இரும்பு அச்சைப் பதிவு செய்துகொண்டது. மாவின் பதமும் கையின் வேகமும் பதிவேட்டில் ஏறவில்லை.

அந்தக் கூம்பைச் செய்து பார்த்தேன். சூடாக இருக்கும்போதுதான் வட்டம் வளையும்; ஆறினால் உடையும். ஆகவே விரல் சுடச் சுடத்தான் சுருட்ட வேண்டும். அச்சு முறுக்கு சுட்டவர்களுக்கு இது உடனே புரியும். அச்சை எண்ணெயில் காயவைத்து, முக்கால் பாகம் மட்டும் மாவில் தோய்க்கிறோம். முழுவதும் மூழ்கினால் முறுக்கு கழலாது. அச்சு காயாவிட்டால் மாவு பிடிக்காது. பாத்திரக் கடையில் அச்சு கிடைக்கும். காய்ந்ததா என்று கண்டுகொள்ளும் கண், அம்மாவின் பக்கத்தில் நின்று பழகியது.

சரி, மார்க்கியோனியின் இடத்தில் மார்ஷலின் பெயரை எழுதிவிட்டால் நம் வாசிப்பு முடிந்துவிடுமா? மார்ஷலின் விருந்துப் பண்டங்கள் வேலையாட்கள் உள்ள சமையலறையை மனத்தில் வைத்தவை. அந்தக் காலத்துப் பிரிட்டனில் பெண்கள் மிக அதிகமாகப் பார்த்த கூலிவேலை வீட்டுப் பணி. ஐஸ் கட்டியை உடைத்தவள், இயந்திரத்தைச் சுற்றியவள், விருந்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு கூம்பு என்று விரல் சுட்டுக்கொண்டவள் யார்? நூலின் முகப்பில் முதலாளியம்மாவின் பெயர் உண்டு. இவளுக்கு அதுவும் இல்லை. ஆணின் பெயரை எடுத்துவிட்டுப் பெண்ணின் பெயரை வைக்கும் மீட்பு, இவளை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறது.

நம் சமையல் குறிப்புகளின் இலக்கணமும் இதற்குத் துணைபோகிறது. 'ஊற்றவும்', 'கிளறவும்', 'ஆறவிடவும்'. வினை உண்டு, எழுவாய் கிடையாது. மாணவிகளிடம் நான் ஒரு பயிற்சி தருவதுண்டு: வீட்டிலுள்ள ஏதாவது ஒரு குறிப்பை எடுத்து, ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் சேர்த்து எழுதுங்கள். அரிசியை ஊறவைத்தது யார், இடித்தது யார், அடுப்பின் முன் உட்கார்ந்தது யார், கூலி வாங்கியது யார், வாங்காதது யார், 'என் கைப்பக்குவம்' என்று பாராட்டு வாங்கியது யார். அரைப் பக்கக் குறிப்பு மூன்று பக்கமாகும். அந்த மூன்று பக்கத்தைத்தான் நாம் படிக்க வேண்டும்.